சென்னையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் வீட்டுச் சாமான்: பெட்டி கட்டுவதிலிருந்து கையெழுத்துப் போடுவது வரை

குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறவர்கள் வீட்டுச் சாமானைக் கப்பலில் போடலாம் என்று முடிவெடுத்துவிட்டால், முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கட்டும் பெட்டியை அங்கே முதலில் திறக்கப்போகிறவர் பெரும்பாலும் நீங்கள் இல்லை. மெல்பர்னிலோ சிட்னியிலோ ஒரு கிடங்கில், உங்களைத் தெரியாத, இடியாப்ப உரலையும் குத்துவிளக்கையும் அதற்கு முன் பார்த்திராத ஓர் அதிகாரி திறப்பார். அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிக்கொடுத்த லிஸ்ட் மட்டும்தான். லிஸ்டில் இருப்பதும், பெட்டி மேல் ஒட்டியிருப்பதும், உள்ளே இருப்பதும் ஒத்துப்போனால் வேலை சீக்கிரம் முடியும். ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்தடுத்த பெட்டிகளையும் பிரிப்பார்கள், அதற்கு ஆகும் நேரத்துக்கும் கட்டணம் உங்கள் தலையில்தான். அதனால் வேறொருவர் திறந்து, பார்த்து, புரிந்துகொண்டு, திரும்ப மூடுகிற மாதிரி கட்ட வேண்டும்.

முதலில் பிரித்து வையுங்கள்

பெட்டி வாங்குவதற்கு முன்பே வீட்டை மூன்றாகப் பிரியுங்கள்: கையோடு விமானத்தில் போவது, கப்பலில் போவது, இங்கேயே விட்டுப்போவது. வீட்டில் ஏற்றி அங்கே வீட்டில் இறக்கும் வரை இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டால்தான் திட்டம் சரிவரும். சென்னையிலிருந்து கிளம்பும் சரக்கு பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்திலோ கப்பல் மாறித்தான் போகிறது, அங்கே காத்திருக்கும் நாட்கள் யார் கையிலும் இல்லை. ஆகவே அந்த இடைவெளியில் சமைக்க ஒரு குக்கர், இரண்டு பாத்திரம், குளிருக்கு உடுப்பு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மருத்துவக் குறிப்புகள் எல்லாம் விமானப் பெட்டியில் போகட்டும். நகை, அசல் சான்றிதழ், சொத்துப் பத்திரம், குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் கப்பல் பெட்டிக்குள் வைக்காதீர்கள். இன்சூரன்ஸ் பணத்தால் இவற்றைத் திரும்ப வாங்க முடியாது.

கப்பலில் போகிறவற்றை இன்னொரு முறை பாருங்கள். ஆஸ்திரேலியாவில் மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் வடிவம் மட்டும்தான் வேறு. அதனால் மிக்ஸியும் வெட் கிரைண்டரும் தாராளமாகப் போகலாம், அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு இருக்கும் 120 வோல்ட் தொல்லை இங்கே கிடையாது. என்னைக் கேட்டால், டேபிள் டாப் கிரைண்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு இடம் கொடுக்கலாம். மலிவான பிளைவுட் அலமாரியும் பழைய பிரிட்ஜும் கப்பலில் பிடிக்கும் இடத்துக்குப் பெறுமானம் ஆகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. நீங்கள் 12 மாதமோ அதற்கு மேலோ சொந்தமாக வைத்திருந்து பயன்படுத்திய பொருளுக்கு ஆஸ்திரேலியாவில் சுங்கவரியும் ஜி.எஸ்.டி.யும் கிடையாது. கிளம்பும்போது வாங்கிய புத்தம்புதுப் பாத்திர செட், லேபிள் பிரிக்காத துணிமணிகள் போன்றவற்றுக்கு வரி வரலாம், அங்கே ஜி.எஸ்.டி. 10 சதவீதம். புதுப் பொருள் இருந்தால் பில்லோடு தனிப் பெட்டியில் வைத்து, லிஸ்டிலும் புதியது என்றே எழுதுங்கள்.

சமையலறையில்தான் கவனம் வேண்டும்

உணவுப் பொருள் ஒன்றையும் கப்பல் பெட்டியில் போடாதீர்கள். அம்மா அரைத்துக் கொடுத்த சாம்பார் பொடி, ஊரிலிருந்து வந்த கருப்பட்டி, பாக்கெட் பிரிக்காத பருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மனது இடம் கேட்கும், கொடுக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. கப்ரா வண்டு என்று தானியங்களைத் தின்று தீர்க்கும் ஒரு சிறு பூச்சி இந்தியா உட்படப் பல நாடுகளில் உண்டு. ஆஸ்திரேலியாவில் அது வேரூன்றவில்லை, உள்ளே நுழைந்தால் அவர்களுடைய கோதுமை ஏற்றுமதிக்கே ஆபத்து. அதனால் 2020 முதல், இப்படித் தனியாக அனுப்பும் வீட்டுச் சாமானுக்குள் அரிசி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, துவரை, மசூர் பருப்பு, சீரகம், கொத்தமல்லி விதை, சோம்பு, நிலக்கடலை, காய்ந்த மிளகாய் எல்லாவற்றுக்கும் தடை. நம் அஞ்சறைப் பெட்டியில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் வந்துவிட்டது. மெல்பர்ன், சிட்னி போன்ற ஊர்களில் இந்திய மளிகைக்கடைகளில் எல்லாமே கிடைக்கிறது, ஒரு கிலோ பருப்புக்காக நாற்பது பெட்டியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பொருளை விட்டுவிட்டால் மட்டும் போதாது, அதன் மிச்சமும் இருக்கக் கூடாது. அஞ்சறைப் பெட்டியின் மூலையில் ஒட்டிய கடுகு, அரிசி டப்பாவின் விளிம்பில் சிக்கிய நெல், மிக்ஸி ஜாரின் ரப்பருக்கு அடியில் காய்ந்த மசாலா, கிரைண்டர் டிரம்முக்குக் கீழே ஒட்டிய மாவு, சப்பாத்திக் கட்டையில் படிந்த கோதுமை எல்லாம் அவர்கள் கண்ணில் படும். வெந்நீரில் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் கட்டுங்கள். கன்டெய்னருக்குள் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறிமாறி வந்து கூரையில் நீர் முத்து முத்தாகக் கோத்து சொட்டுவது உண்டு, பெட்டிக்குள்ளும் ஈரம் இருந்தால் பூஞ்சை நிச்சயம். சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மூன்று போடுங்கள்.

தென்னந்துடைப்பம், கோரைப்பாய், மூங்கில் முறம், பனையோலைக் கூடை ஆகியவற்றை விட்டுவிடுவதே நல்லது. தடை என்று சொல்ல முடியாவிட்டாலும், செடியிலிருந்து வந்த பொருள் என்பதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பார்கள்.

பூஜை அறை, கொலு, இசைக்கருவி

இதில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

படியில் வைத்திருக்கும் நெல், நவதானியம், தர்ப்பை, சமித்து, காய்ந்த மாலை, வறட்டியிலிருந்து செய்த விபூதி எதுவும் வேண்டாம். சூடம், தீப்பெட்டி, விளக்கேற்றும் எண்ணெய் பாட்டில் ஆகியவை தீப்பற்றும் பொருள், அவற்றையும் ஏற்றக் கூடாது. குத்துவிளக்கின் திரிக் குழியில் படிந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, மரை கழற்றி, தட்டு, தண்டு, அடிப்பாகம், உச்சி என்று தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, எல்லாத் துண்டையும் ஒரே பெட்டியில் வையுங்கள்.

கொலு பொம்மைகள் வாங்கும்போது வைக்கோல் சுற்றிக் கொடுப்பார்கள், அல்லது பரணில் வைக்கும்போது நாமே வைக்கோலில் வைத்திருப்போம். அந்த வைக்கோல் ஒரு துரும்புகூட உள்ளே போகக் கூடாது. பொம்மையின் அடியில் ஓட்டை இருக்கும், அதற்குள் வைக்கோல் அடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சுட்ட மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் பெரிதாகத் தொந்தரவு தராது. சுடாத பச்சைக் களிமண் பிள்ளையார் மண்ணாகவே கருதப்படலாம், அதை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மூக்கு, விரல், வேல், வில் போன்ற நீட்டிய பகுதிகளை முதலில் மெல்லிய காகிதத்தில் சுற்றி, அதற்கு மேல் பபுள் ராப். நேராக பபுள் ராப் சுற்றினால் மாதக்கணக்கில் சூட்டில் இருந்து பெயின்டில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும்.

வீணை, மிருதங்கம் வைத்திருப்பவர்கள் கேளுங்கள். பலாமரம் என்பதால் வண்டு துளைத்த சிறு ஓட்டை இருக்கிறதா, கீழே மரத்தூள் உதிர்கிறதா என்று வெள்ளைத் துணி விரித்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். கட்டில், ஊஞ்சல் பலகை போன்ற மரச்சாமானுக்கும் இதேதான். பூச்சி இருப்பது அங்கே தெரிந்தால் பூச்சியைக் கொல்லும் புகைமூட்டம் போன்ற சிகிச்சை, திருப்பி அனுப்புவது, அழிப்பது என்ற வழிகள்தான் உண்டு, எதுவானாலும் செலவு உங்களுடையது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை ஒட்டியிருந்தால் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். தோல் இருக்கிறது என்பதையும் லிஸ்டில் எழுதுங்கள். கஞ்சிரா பழையதாக இருந்தால் உடும்புத் தோலாக இருக்கலாம். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் உயிரினம், அந்தக் கஞ்சிராவை அனுப்பவே கூடாது. ஆட்டுத்தோல் கஞ்சிரா வேறு விஷயம். யானைத் தந்தம், மயிலிறகு, ஆமை ஓடு ஆகியவையும் நம் நாட்டிலிருந்தே வெளியே போகக் கூடாதவை.

தாத்தா காலத்து வெண்கலச் சிலை, பழைய தஞ்சாவூர் ஓவியம், ஏட்டுச்சுவடி இருக்கிறதா? 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளையும், அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடியையும் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பூம்புகாரில் வாங்கிய புதுச் சிலையாக இருந்தாலும் பார்க்கப் பழையதாகத் தெரிந்தால் சுங்கத்தில் கேள்வி வரும். வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள், சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்குங்கள். கடைசி வாரத்தில் நடக்கிற வேலை இல்லை அது.

அப்புறம், மண். செருப்பு, ஷூவின் அடிப்பாகம், பிள்ளைகளின் சைக்கிள் டயர், கிரிக்கெட் கிட், குழந்தை வண்டியின் சக்கரம், வேக்குவம் கிளீனரின் பை எல்லாவற்றிலும் மண்ணும் விதையும் ஒட்டியிருக்கும். பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். அம்மி, ஆட்டுக்கல் கொண்டுபோகிறவர்கள் அடிப்பக்கத்தையும் பாருங்கள், தரையில் கிடந்த மண் அங்கேதான் இருக்கும்.

பெட்டியும் கட்டும் முறையும்

மளிகைக்கடையில் கிடைக்கும் பழைய பெட்டி வேண்டாம். பழம், முட்டை, காய்கறி வந்த அட்டைப்பெட்டியில் பூச்சியும் அதன் முட்டையும் இருக்கும் என்று ஆஸ்திரேலியாவில் சந்தேகப்படுவார்கள், தவிர அது நசுங்கியும் போகும். ஏழு அடுக்கு, குறைந்தது ஐந்து அடுக்கு புது அட்டைப்பெட்டி வாங்குங்கள். ஒரே அளவில் வாங்கினால் அடுக்கச் சுலபம், புத்தகத்துக்கும் கனமான பாத்திரத்துக்கும் மட்டும் சின்ன பெட்டி. ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூக்க முடியாத பெட்டியைத்தான் கீழே போடுவார்கள்.

அடியில் நடுக்கோட்டில் ஒரு டேப், இரண்டு ஓரத்திலும் குறுக்காக ஒவ்வொன்று. மேலே மூடும்போதும் இதே மாதிரி. உள்ளே கசக்கிய காகிதம் அடியில் ஒரு படுகை, கனமானது கீழே, லேசானது மேலே. மூடிவிட்டு லேசாக ஆட்டினால் சத்தம் வரக் கூடாது, மேல்பக்கம் கையால் அழுத்தினால் உள்வாங்கவும் கூடாது. பாதி காலியான பெட்டி மேல் இன்னொரு பெட்டி ஏறினால் நிச்சயம் நசுங்கும்.

எவர்சில்வர் பாத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து இடையில் ஒரு காகிதம் போட்டால் போதும். பீங்கான் தட்டைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். கிரைண்டரில் கல்லைக் கழற்றித் தனியாகச் சுற்றிச் சின்ன பெட்டியில் போடுங்கள், கல் டிரம்முக்குள்ளேயே இருந்தால் குலுங்கி டிரம்மை நசுக்கிவிடும். பட்டுப்புடவையைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, ஜரிகை வெளியே உரசாமல் மடித்து, சூட்கேஸில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். சூட்கேஸைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துப் போகாதீர்கள், திறக்க வேண்டியவர் உடைத்துத்தான் திறப்பார். கண்ணாடி போட்ட படத்துக்கும் டிவிக்கும் மரச்சட்டம் அடிப்பதாக இருந்தால், அந்த மரத்தில் கோதுமைக் கதிர் அடையாளத்தோடு ஐ.பி.பி.சி. (சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை) முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடானதற்கோ, புகைமூட்டம் போட்டதற்கோ அந்த முத்திரைதான் சாட்சி. தெருமுனைத் தச்சரிடம் அடித்த சட்டத்தில் அது இருக்காது.

பவர் பேங்க், கழற்றிய லித்தியம் பேட்டரி, சென்ட், நெயில் பாலிஷ், கொசு ஸ்ப்ரே, கேஸ் சிலிண்டர் எதுவும் ஏற்றக் கூடாது.

லேபிளும் லிஸ்டும்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். எண்ணை வெறும் 14 என்று போடாமல் 14/42 என்று மொத்தத்தோடு போடுங்கள், அப்போதுதான் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியும். மொத்தம் கடைசியில்தான் தெரியவரும் என்பதால் சாய்கோட்டுக்குப் பின்னால் இடம் விட்டு வைத்து, எல்லாம் கட்டிமுடித்த பிறகு நிரப்புங்கள். எண்ணோடு பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், போய்ச் சேரும் ஊர், ஆஸ்திரேலியத் தொலைபேசி எண், எந்த அறை என்பது. இதை மேல்பக்கம் மட்டும் ஒட்டினால் அடுக்கிய பிறகு கண்ணுக்கே தெரியாது, ஆகவே எதிரெதிர் இரண்டு பக்கத்திலும் ஒட்ட வேண்டும். அழியாத மார்க்கரில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, மேலே அகலமான டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டுங்கள், ஈரத்தில் மை கலையாது. உடையும் பொருள் இருந்தால் கண்ணாடிக் குவளைப் படமும், மேல்நோக்கிய அம்புக்குறியும். எல்லாப் பெட்டியிலும் உடையும் பொருள் என்று ஒட்டினால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள், தேவையானதில் மட்டும் போடுங்கள். வெள்ளி, லேப்டாப், கேமரா என்று பெட்டி மேல் எழுதவே கூடாது, அது லிஸ்டில் இருந்தால் போதும்.

லிஸ்டைக் கட்டும்போதே எழுதுங்கள், கட்டிவிட்டு நினைவிலிருந்து எழுதுவது சரிவராது. ‘சமையலறைச் சாமான்’, ‘இதர பொருட்கள்’ என்றெல்லாம் எழுதினால் அதைப் பிரித்துத்தான் பார்க்கத் தோன்றும். ‘பயன்படுத்திய எவர்சில்வர் பாத்திரம் 12, குக்கர் 1, இட்லிப் பாத்திரம் 1’ என்கிற மாதிரி பொருள், எண்ணிக்கை, எதனால் ஆனது, உத்தேச மதிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் வேண்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் உட்புறத்தையும் எண் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்து மிகவும் உபயோகமான யோசனை இதுதான்: அதிகாரி பார்க்க விரும்பும் பொருட்களை, அதாவது மரம், தோல், ஷூ, சைக்கிள், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் வீடெங்கும் சிதறவிடாமல், முடிந்தவரை இரண்டு மூன்று பெட்டிகளில் சேர்த்து, அந்த எண்களை லிஸ்டில் தனியாகக் குறித்து, ஏற்றும்போது கடைசியாக, கதவுப் பக்கம் வரும்படி சொல்லி வையுங்கள். சோதிக்க வேண்டியதைக் கையருகே கொடுத்துவிட்டால் மற்றதைக் கலைக்கும் தேவை குறையும்.

இடக் கணக்கு, விலை, இன்சூரன்ஸ்

கப்பலில் எடையைவிட இடத்துக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி பத்து லட்சத்தால் வகுத்தால் சி.பி.எம்., அதாவது கன மீட்டர் கணக்கு வரும். 45க்கு 45க்கு 60 பெட்டி ஒன்று சுமார் 0.12, அந்த மாதிரி 40 பெட்டி ஏறக்குறைய 5 சி.பி.எம். 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 சி.பி.எம். என்பதால், 5க்கு முழுக் கன்டெய்னர் எடுப்பது வீண், பகிர்ந்த கன்டெய்னர் போதும். பகிர்ந்ததில் மற்றவர் சரக்கில் சிக்கல் வந்தால் உங்கள் சரக்கும் சேர்ந்து காத்திருக்கும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்கும்போது குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள், நேரில் வந்து பார்த்து எழுத்தில் விலை கொடுப்பவரையே நம்புங்கள். அந்தக் காகிதத்தில் ‘வீட்டிலிருந்து வீடு வரை’ என்று இருக்கிறதா, ‘வீட்டிலிருந்து துறைமுகம் வரை’ என்று இருக்கிறதா? இரண்டாவதில் விலை குறைவாகத் தெரியும், ஆனால் அங்கே இறக்குகூலி, ஆவணக் கட்டணம், சோதனைக் கட்டணம், வாடகை லாரி எல்லாம் உங்கள் கையிலிருந்து. சோதனைக் கட்டணம் பொதுவாக எந்த விலையிலும் சேர்ந்திருக்காது, அதையும் கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸில் கவனிக்க வேண்டியது, கட்டியது யார் என்பது. நீங்களே கட்டிய பெட்டி உள்ளே உடைந்தால் பல பாலிசிகள் பணம் தராது, பெட்டியே காணாமல் போனால்தான் தருவார்கள். அதனால் துணியும் புத்தகமும் நீங்கள் கட்டுங்கள், பீங்கானும் டிவியும் வீணையும் பேக்கர்ஸ் ஆட்களே கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று லிஸ்ட் எழுதுங்கள். மதிப்பு போடும்போது நம்மூர்ப் பழைய விலையைப் போடாமல், அங்கே திரும்ப வாங்க என்ன ஆகும் என்று பார்த்துப் போடுங்கள்.

அங்கே போன பிறகு

ஆஸ்திரேலிய எல்லைப் படையின் பி534 என்ற படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட் நகல், லிஸ்ட் ஆகியவற்றோடு முகவரிடம் கொடுக்க வேண்டும். அதில் உணவு, மரம், விலங்குப் பொருள், மண் பட்ட சாமான் பற்றிக் கேள்விகள் வரும். இருப்பதை இருப்பதாகவே எழுதுங்கள். சொல்லிவிட்ட பொருளுக்குச் சோதனையோடு போகலாம், மறைத்தது கிடைத்தால் அபராதம் வரை போகும். கப்பல் வருவதற்கு முன்பே இதை அனுப்பிவிட்டால் கிடங்கில் இலவச நாட்கள் முடிந்து வாடகை ஏறுவதைத் தவிர்க்கலாம்.

சாமான் வீட்டுக்கு வரும் நாளில் ஒருவர் வாசலில் லிஸ்டோடு நின்று எண்ணை டிக் செய்யட்டும், இன்னொருவர் எந்த அறை என்று காட்டட்டும். நசுங்கியது, நனைந்தது, டேப் மாறியிருப்பது எல்லாவற்றையும் படம் எடுத்து, டெலிவரித் தாளில் பெட்டி எண்ணோடு எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். லாரிக்காரர் அவசரப்படுத்துவார், அதற்காக விட வேண்டாம். இன்சூரன்ஸ் கேட்பதற்கு எத்தனை நாள் என்று பாலிசியில் போட்டிருக்கும், அதற்குள் பீங்கான், டிவி, கிரைண்டர், இசைக்கருவி பெட்டிகளையாவது பிரித்துப் பார்த்துவிடுங்கள். உடைந்ததையும் அதைச் சுற்றியிருந்த காகிதத்தையும் பெட்டியையும், அவர்கள் வந்து பார்க்கும் வரை தூக்கிப் போடாதீர்கள்.